வைணவ ஆலய வழிபாட்டின் இரு நெறிகள்

ஆலயக் கிரியைகள் எல்லா ஆலயங்களிலும் ஒரே விதமாக அமைவதில்லை. "அந்தக் கோயிலில் அப்படிச் செய்கிறார்களே, இங்கே ஏன் செய்வதில்லை?" என அடியார்கள் வினவுவதுண்டு. இவ்வினாவிற்கான விடை ஆகமங்களிலேயே உள்ளது. சைவாலயக் கிரியைகளுக்குக் காமிகம் முதலான 28 சிவாகமங்கள் மூலமாக விளங்குவது யாவரும் அறிந்ததே. அவ்வாறே திருமால் ஆலயங்களுக்கு வைகானசம், பாஞ்சராத்திரம் என்னும் இரு ஆகம நெறிகள் உள்ளன.

வைகானசம் விகனச முனிவரின் பெயரால் வழங்குவது. அவருடைய மாணாக்கராகிய அத்திரி, பிருகு, காசியபர், மரீசி ஆகிய நால்வரும் இதனை நூல்களாக அருளினர் என்பது மரபு. இந்நெறியினர் கிருஷ்ண யசுர் வேதத்தைச் சார்ந்தவர்கள். வேத மந்திரங்களே இவர்களது பூசையில் சிறப்பிடம் பெறும். அருச்சகராகும் உரிமை பிறப்பினால் வருவது. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே விஷ்ணுபலி என்னும் சடங்கு செய்யப்படுவதால், பின்னர் தோளில் சங்கு சக்கர முத்திரை பெறவேண்டியதில்லை என்பது இவர்கள் கொள்கை.

திருப்பதி திருமலை வைகானச முறைப்படி பூசை நடைபெறும் தலமாகும். இந்நெறி கூறும் ஐந்து திருமேனிகளையும் அங்கே காணலாம். அசையாது நிற்கும் மூலவர் துருவ பேரம். நாள்தோறும் இரவில் ஏகாந்த சேவை பெறும் போக சீனிவாசர் கௌதுக பேரம். உக்கிர சீனிவாசர் ஸ்நபன பேரம். வீதியுலா வரும் மலையப்ப சுவாமி உற்சவ பேரம். நாள்தோறும் ஆலயக் கணக்கைக் கேட்டருளும் கொலுவு சீனிவாசர் பலி பேரம்.

பாஞ்சராத்திரம் என்பது ஐந்து இரவுகள் எனப் பொருள்படும். நாராயணனே இதனை உபதேசித்தார் என்பர். பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என இறைவனின் ஐந்து நிலைகளை இது விளக்குகின்றது. ஆலயத்தில் நாம் வணங்கும் திருவுருவம் அர்ச்சை நிலையாகும். இந்நெறியில் ஆசாரியரிடம் தீட்சை பெற்றே பூசை செய்யும் தகுதியை அடைவர். சாத்துவதம், பௌஷ்கரம், ஜயாக்கியம் ஆகிய மூன்று சம்ஹிதைகளும் மும்மணிகள் எனப் போற்றப்படும். திருவரங்கம், காஞ்சி வரதராசப் பெருமாள் ஆலயம், மேலுக்கோட்டை என்பன பாஞ்சராத்திர முறையில் வழிபாடு நடைபெறும் தலங்களாம்.

ஒரு காலத்தில் பாஞ்சராத்திரம் வேதத்திற்கு உடன்பாடானதன்று எனச் சிலர் மறுத்தனர். ஆளவந்தார் 'ஆகமப் பிராமாணியம்' என்னும் நூலை இயற்றி அதன் பெருமையை நிலைநாட்டினார். அவர் வழிவந்த இராமானுசரும் பாஞ்சராத்திரத்தைப் போற்றியவரே. எனினும் திருமலையில் வைகானச முறையே தொடர்ந்தது. திருவனந்தபுரத்தில் இருந்த வழிபாட்டு முறையை அவர் மாற்ற முயன்றபோது, பெருமான் அதனை விரும்பாது, உறங்கிக் கொண்டிருந்த அவரை ஓரிரவிலே திருக்குறுங்குடிக்குச் சேர்ப்பித்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. ஆலயத்தின் பழைய முறையை மாற்றுவது மகான்களுக்கும் எளிதன்று என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

இவ்விரு நெறிகளுள் எது உயர்ந்தது என்ற வாதம் வேண்டாதது. எந்த ஆகமப்படி ஓராலயம் பிரதிட்டை செய்யப்பட்டதோ, அந்த ஆகமப்படியே நித்திய பூசையும் திருவிழாவும் பிராயச்சித்தமும் நடைபெறல் வேண்டும். ஒன்றோடொன்றைக் கலப்பது 'தந்திர சங்கரம்' என்னும் குற்றமாகும். சைவாகமங்களும் இவ்வாறே வற்புறுத்துகின்றன.

திருப்பணி நடைபெறும் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் பிற ஆலயங்களிற் கண்ட புதுமைகளைத் தம் ஆலயத்திலும் செய்விக்க உபயகாரர் விரும்புவது இயல்பு. அவ்விருப்பம் பக்தியினால் எழுவதே. ஆயினும் ஆலய குருமாரிடம் கேட்டறிந்து, அவ்வாலயத்தின் ஆகமம் இடந்தருமாயின் மட்டுமே செய்தல் முறையாகும். குருமாரை வற்புறுத்தல் ஆகாது. ஆலயம் நமக்கு முன் வாழ்ந்தோர் ஒப்படைத்த சொத்து. நமக்குப் பின் வருவோருக்கும் உரியது. முறை வழுவாது அதனைப் பேணி, எல்லாம் வல்ல இறைவன் திருவருளைப் பெற்றுய்வோமாக.