கூந்தலை வளைத்த காரமும் காத்த எண்ணெயும்

கேள்வி: மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் தலைமுடி பரட்டையாகச் சிலிர்த்து நிற்பதற்குக் காற்றின் ஈரமே காரணம் என்கிறார்கள். முடிக்கும் ஈரத்துக்கும் உள்ள இந்த உறவை முதலில் முறையாக ஆராய்ந்தவர் யார்?

பதில்: காற்றில் ஈரம் கூடும்போது மயிரிழை நீள்கிறது, குறையும்போது சுருங்குகிறது என்பதை முறையாக அளந்து, அந்த இயல்பையே ஓர் அளவுகருவியாக ஆக்கியவர் ஜெனீவா நகரைச் சேர்ந்த இயற்கை அறிவியலாளர் ஒராஸ் பெனெடிக்ட் த சொசூர் ஆவார். ஈரப்பத அளவியல் பற்றி 1783-இல் வெளியான நூலில் அவர் விவரித்த கருவியில், மயிரிழையின் ஒரு முனை சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்க, மறுமுனை சிறிய உருளை ஒன்றில் சுற்றப்பட்டு, இலேசான எடையால் தொய்வின்றி வைக்கப்பட்டிருந்தது. இழை நீளுந்தோறும் உருளை திரும்ப, அதனோடு சேர்ந்த முள் அளவுகோட்டில் நகர்ந்தது. முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குச் செல்லும்போது இழையின் நீளம் சுமார் 2 முதல் 2.5 விழுக்காடு வரையே கூடுகிறது என்றாலும், அந்தச் சிறு மாற்றமே காற்றின் ஈரத்தைக் காட்டப் போதுமானதாக இருந்தது.

கருவியில் பொருத்துவதற்கு முன் சொசூர் இழையைச் சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து அதன் எண்ணெய்ப்பசையை நீக்கினார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஏனெனில், பசை போன இழையே ஈரத்துக்கு உடனுக்குடன் இசைந்தது. மயிரிழையின் வெளிப்புறம் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது; அச்செதில்களின் மேல் நீரை ஒட்டவிடாத கொழுப்புப் படலம் ஒன்று இயற்கையாகவே அமைந்துள்ளது. செதில்களுக்கு உள்ளே, இழையின் பெரும்பகுதியாக இருப்பது புறணி எனப்படும் நார்ப்பகுதி. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இப்புறணியின் இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமாகச் சேர்த்துப் பிடிக்கின்றன: நீர் பட்டால் அவிழ்ந்து, காய்ந்தால் மீண்டும் சேரும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று, நீருக்கு அசையாத, இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்து அமைக்கும் டைசல்பைடு பிணைப்பு மற்றொன்று. கொழுப்புப் படலம் தேய்ந்து, செதில்கள் தூக்கி நிற்கும் முடியில் ஈரம் ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் புகுவதால், ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒழுங்கின்றி அவிழ்ந்து சேர்ந்து, ஒவ்வோர் இழையும் தனித்தனிப் போக்கில் வளைகிறது. பரட்டை என்று கண்ணுக்குத் தெரிவது இதுவே.

கேள்வி: நேரான முடியை நிலையாகச் சுருட்டும் பெர்மிங் முறை எங்கே தோன்றியது?

பதில்: ஜெர்மனியின் டோட்நாவ் ஊரில் 1872-இல் பிறந்து, பின்னர் லண்டனில் சிகை அலங்கார நிலையம் நடத்திய கார்ல் நெஸ்லர், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இம்முறையை மக்கள் முன் செய்துகாட்டினார். முடிக்கற்றைகளைக் காரத்தன்மையுள்ள கரைசலில் நனைத்து, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையுள்ள பித்தளை உருளைகளில் சுற்றி, கொதிநீரின் அளவுக்குச் சூடேற்றுவது அவரது முறை. சூடான பித்தளை தலைத்தோலில் படாதிருக்க, உருளைகள் கூரையிலிருந்து தொங்கிய விளக்குச்சட்டத்தில் எதிர் எடைகளோடு கட்டித் தூக்கி நிறுத்தப்பட்டன. அமர்ந்திருப்பவர் சுமார் ஆறு மணி நேரம் அசையாமல் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்கச் சோதனைகளுக்குத் தன் தலையைத் தந்தவர் நெஸ்லரின் மனைவி கத்தரினா என்பதும், முதல் இரண்டு முயற்சிகளில் அவரது முடி கருகி, தலைத்தோலும் புண்ணானது என்பதும் இம்முறையின் வரலாற்றில் மறைக்கப்படக் கூடாதவை.

காரமும் வெப்பமும் சேர்ந்து டைசல்பைடு பிணைப்பை உடைத்ததே இச்சுருளுக்குக் காரணம். அதே பிணைப்பை வெப்பமின்றி உடைக்கும் வழியை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் கெரட்டினை ஆராய்ந்த டேவிட் காடர்ட், லியோனோர் மிக்கேலிஸ் ஆகியோரின் 1934ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது: காரக் கரைசலில் தயோகிளைகாலிக் அமிலம் டைசல்பைடு பிணைப்பைப் பிரித்துவிடும். அதன் அடியொற்றியே 1940களில் குளிர்முறைப் பெர்மிங் பரவியது. பிணைப்பைப் பிரித்து, முடியை விரும்பிய வடிவில் வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளால் பிணைப்பை மீண்டும் சேர்ப்பது இம்முறையின் சாரம். பிரிந்த பிணைப்புகள் அனைத்தும் திரும்பச் சேர்வதில்லை. சேராதவை எத்தனையோ அத்தனைக்கும் முடி வலுவிழக்கிறது.

கேள்வி: சுருட்டை முடியை வேதிப்பொருளால் நேராக்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது?

பதில்: இவ்வழக்கம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. இயல்பான சுருட்டை முடியை ஒழுங்கற்றது என இகழ்ந்த சமூகத்தில், வேலையும் மதிப்பும் பெறுவதற்கு முடியை நேராக்குவது பலருக்கும் கட்டாயம்போல் ஆக்கப்பட்டது. கெண்டக்கியில் 1877-இல் பிறந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் கேரட் மோர்கன், கிளீவ்லாண்ட் நகரில் தையல் கடை நடத்தியபோது, தையல் ஊசியின் உராய்வால் கம்பளித் துணி கருகாதிருக்கத் தயாரித்த திரவம் துணியின் மயிரை நேராக்கியதைக் கண்டு, அண்டைவீட்டு நாயின் உடல்மயிரிலும் பின்னர்த் தன் தலையிலும் அதைச் சோதித்ததாகச் சொல்லப்படுகிறது. 1913-இல் அவர் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். போக்குவரத்து சைகைக் கருவிக்கு 1923-இல் காப்புரிமை பெற்றவரும் இவரே.

கடைகளில் ஆயத்தக் களிம்புகள் பெருகுவதற்கு முன், காஸ்டிக் சோடாவை முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் குழைத்து வீட்டிலேயே பூசும் முறையும் ஆண்களிடையே இருந்தது. தலைத்தோலை எரித்த அந்த அனுபவத்தை அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965-இல் வெளியான தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். இவ்வகை வன்காரங்கள் டைசல்பைடு பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவை அகற்றி, லாந்தியோனின் என்னும் வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுவதால், நேரான முடி எந்நாளும் பழைய சுருளுக்குத் திரும்புவதில்லை. தயோகிளைகாலிக் முறையால் மாற்றிய முடிமீது வன்காரக் களிம்பைப் பூசுவதோ, வன்காரம் பட்ட முடியைப் பின்னர்ப் பெர்மிங் செய்வதோ இழையை அறுத்துவிடும் என்பதற்கும் இவ்விரு வழிகளும் ஒரே பிணைப்பைக் குறிவைப்பதே காரணம். இயல்பான முடியை முன்னிட்டுப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாகக் கலிஃபோர்னியா 2019-இல்தான் இயற்றியது என்பது, கேடு விளைத்தது வேதிப்பொருள் மட்டுமன்று என்பதை உணர்த்துகிறது.

கேள்வி: அழகு நிலையங்களில் செய்யப்படும் கெரட்டின் ட்ரீட்மெண்ட் எந்நாட்டில் தோன்றியது? அது முடிக்கு ஊட்டமா?

பதில்: இம்முறை பிரேசிலில் வளர்ந்து, 2000களில் பிற நாடுகளுக்குப் பரவியது. கெரட்டின் என்ற பெயர் புரத ஊட்டத்தை நினைவூட்டினாலும், முதலில் பரவிய பல கலவைகளில் முடியை நேராக நிறுத்தியது ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளே. அது கெரட்டின் இழைகளுக்கு இடையே புதிய குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி, இஸ்திரிப்பெட்டியின் கடுஞ்சூட்டால் நேராக்கிய வடிவைச் சில மாதங்கள் காக்கிறது. சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியாகி மூச்சில் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு முகமை 2011-இல் அழகு நிலைய உரிமையாளர்களுக்கும் பணியாளர்களுக்கும் எச்சரிக்கை வெளியிட்டது. எப்போதாவது ஒருமுறை வந்து செல்லும் வாடிக்கையாளரைவிட, நாள் முழுதும் அந்த ஆவியில் நிற்கும் பணிப்பெண்ணுக்கே தீங்கு மிகுதி என்பதை மறந்துவிடலாகாது.

ஃபார்மால்டிஹைடு இல்லை என்ற விளம்பரத்தோடு வந்த கலவைகள் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இடம்பெற்றது. அது தலைத்தோல் வழியே உடலுக்குள் சென்று ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து கேடு செய்யக்கூடும் என்பதை, முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான ஓர் இளம்பெண்ணின் நிலையை ஆராய்ந்த மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டனர். இவற்றோடு, அமெரிக்கப் பெண்கள் 33,497 பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வொன்று, முடி நேராக்கிகளை அடிக்கடி பயன்படுத்தியோர் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 4.05 விழுக்காடு எனவும், பயன்படுத்தாதோருக்கு அது 1.64 விழுக்காடு எனவும் மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. ஆயினும், கலவையின் உட்பொருட்களைக் கேட்டறியாமல் தலையைக் கொடுப்பது தகாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: கண்டிஷனர் எப்படிப் பிறந்தது? ஷாம்பு மட்டும் போதாதா?

பதில்: சோப்புக்கு மாற்றாகச் செயற்கைச் சலவைப்பொருட்களால் ஆன ஷாம்புகள் 1930களில் சந்தைக்கு வந்தன. அழுக்கோடு முடியின் இயற்கை எண்ணெயையும் அவை அகற்றியதால், கழுவிய முடி வறண்டு சிக்குப் பிடித்தது. இக்குறைக்குத் தீர்வு தந்தது நெசவுத் தொழிலின் வேதியியல்: துணியை மென்மையாக்கப் பயன்பட்ட நேர்மின்னேற்றமுள்ள சேர்மங்கள், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தலை குளித்தபின் பூசி அலசும் கிரீம்களில் இடம்பெற்றன. ஈரமான முடியின் மேற்பரப்பு இயல்பாக எதிர்மின்னேற்றம் கொண்டது. வேதிப்பொருளாலும் வெயிலாலும் சிதைந்த இடங்களில் அவ்வேற்றம் இன்னும் மிகுதி. ஆகவே கண்டிஷனரின் மூலக்கூறுகள் பழுதான இடத்தையே நாடிச் சென்று மிகுதியாக ஒட்டிக்கொள்கின்றன. தேய்ந்துபோன கொழுப்புப் படலத்தின் வேலையை அடுத்த குளியல் வரை அவை பார்க்கின்றன. வறண்டது நுனியே ஆதலால், கண்டிஷனரைத் தலைத்தோலில் தேய்க்காமல் முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுவதே முறை.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலை குளிக்கும் நம் வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டா?

பதில்: உண்டு. மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்பனை நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்களான ஆர்த்தி ரெலேயும் ஆர். பி. மொகிலேயும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றனுள் முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டனர். பழுதற்ற முடியிலும் பழுதான முடியிலும், குளிப்பதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும் இம்முடிவு மாறவில்லை. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான சங்கிலி அமைப்புடையதாதலால் இழைக்குள் ஊடுருவுகிறது. ஏனையவை மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. முழுதும் நனைந்த மயிரிழையின் விட்டம் சுமார் 15 விழுக்காடு பருக்கிறது. குளிக்குந்தோறும் பருத்துச் சுருங்குவதால் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. உள்ளே புகுந்த எண்ணெய் இப்பருமனைக் குறைப்பதே வழக்கத்தின் பயன் என்பதால், குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே எண்ணெய் தேய்த்து ஊறவிடுவது பொருத்தமானது. சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருளால் அழுக்கு நீக்கும் சீயக்காயும் அரப்பும், சோப்பைப் போலக் காரம் மிகாதவை என்பதால் இவ்வழக்கத்துக்கு இசைந்த துணைகள். ஆனால் கொரகொரப்பான தூளை வறண்ட முடியில் அழுத்தித் தேய்த்தால் செதில்கள் உராயும் ஆதலால், நன்கு சலித்துக் கரைத்தே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பழுதான முடியைப் பழையபடி ஆக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: தலைத்தோலுக்கு வெளியே வந்த மயிரிழையில் உயிரணு எதுவும் இல்லாமையால், புண் ஆறுவதுபோல் அது தானாக ஆறுவதில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்களான கிரெய்க் ஹாக்கரும் எரிக் பிரெஸ்லியும் உருவாக்கி, 2014-இல் ஒலாப்ளெக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்த தயாரிப்பு, அறுந்த கந்தக முனைகளை இணைத்துக் காக்கும் நோக்கில் அமைந்தது; நிறம் வெளுக்கும்போது நேரும் சேதத்தைக் குறைக்க இத்தகைய பொருட்கள் உதவலாமே தவிர, தேய்ந்துபோன செதில்களையும் கரைந்துபோன புரதத்தையும் அவை மீட்டுத் தருவதில்லை.

ஆகவே, வேதிப்பொருளால் பழுதான முடிக்குச் செய்யத்தக்கது இருப்பதைக் காப்பதும் புதிதாக வருவதைக் கெடுக்காதிருப்பதுமே. இழை நனைந்திருக்கையில் வலுக்குறைந்தது என்பதால் ஈரமுடியை அகன்ற பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயாத முடியில் சூடான இஸ்திரியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழையைக் கொப்பளிக்கச் செய்யும் ஆதலால் அதனை அறவே தவிர்க்க வேண்டும். நிறமேற்றுதலையும் நேராக்குதலையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. தலைத்தோலில் எரிச்சலோ புண்ணோ கண்டால் தோல் மருத்துவரைக் காண வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோளைத் தொடும் முடியின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டுக்குக் குறையாது. பிளந்த நுனிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெட்டிவிட்டு, வேர்ப்பகுதியில் வருவதை வேதிப்பொருள் படாமல் வளரவிட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் தோளளவுக் கூந்தல் முழுதும் புதியதாகிவிடும்.