பஸ் சர்வேயை ஆய்வுக்கு எடுக்கும் தங்கச்சிக்கு

டவுன் பஸ்ஸைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறாய், அதற்கு அரசு ஏற்கெனவே எடுத்த மக்கள் திருப்தி சர்வேயைப் பயன்படுத்தப் போகிறாய் என்று கேட்டதும் ரொம்ப சந்தோஷம். நீ தனியாக அலைந்து இத்தனை ஊர்க்காரர்களின் கருத்தைத் திரட்டவே முடியாது. ஆனால் எக்செல் கோப்பைத் திறக்கும் முன் கேள்வித்தாளைத் தேடிப் படித்துவிடு. யாரிடம், எப்போது, எங்கே வைத்துக் கேட்டார்கள் என்று தெரியாமல் சதவீதம் போட்டால் வைவாவில் திணறுவாய்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘ஈஸ் ஆஃப் லிவிங்’ குறியீட்டையே எடுத்துக்கொள். 111 நகரங்களில் 32 லட்சம் பேருக்கு மேல் கருத்துச் சொன்னார்கள். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அந்தக் கருத்துக்குத்தான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடாதே, தேதியைப் பார். 2020 ஜனவரி 16-ல் தொடங்கி மார்ச் 20-ல் முடித்திருக்கிறார்கள். ஊரடங்கு வந்தது அதற்கு அடுத்த வாரம். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது 2021 மே மாதம். அதனால் இது அந்த இரண்டுக்கும் முந்தைய நிலையை மட்டுமே சொல்லும். அதற்குப் பிந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டுமானால், அதே கேள்வியை அதே முறையில் கேட்ட இன்னொரு சர்வே வேண்டும்.

அடுத்தது, யார் விடுபட்டார்கள் என்று தேடு. நான் இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பஸ்ஸுக்குள் வைத்து எடுக்கும் சர்வேயில், பஸ் சரியில்லை என்று ஸ்கூட்டி வாங்கிப் போய்விட்டவரின் குரல் இருக்காது. இணையத்தில் எடுத்தால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி இருக்கமாட்டார். சென்சஸோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாமே என்பாய். 2011 சென்சஸில் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்ற அட்டவணை இருக்கிறது, அருமையான அட்டவணை. ஆனால் அதில் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்பவர்கள் சேரவில்லை. காலேஜுக்குப் போகும் பெண்ணும், ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் போகும் அம்மாவும் இல்லை. பகல் நேர பஸ்ஸில் நிறையப் பேர் இவர்கள்தானே!

‘ஒட்டுமொத்தத் திருப்தி’ என்ற ஒரே கேள்வியை நம்பி உட்காராதே. சென்னையில் காலை நேரத்தில் ஏதாவது ஒரு ஸ்டாப்பில் நின்று பார். கட்டணமில்லாத சாதா பஸ் வரட்டும் என்று, வரும் டீலக்ஸ் பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு, டிபன் பையோடு ஒரு பெண் நிற்பார். கட்டணத்துக்கு அவர் ஐந்துக்கு ஐந்து போடுவார். காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் சராசரி போட்டு மூன்று என்று நீ எழுதினால், அவர் சொன்ன இரண்டு செய்தியுமே காணாமல் போய்விடும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்த மதிப்பெண் போட்டார்கள் என்று தனித்தனியாகக் காட்டு. ஆண், பெண், வயது, வருமானம் என்று பிரித்தும் பார். சராசரி போட்டே ஆக வேண்டும் என்று கைடு சொன்னால், பக்கத்தில் இந்தப் பங்கீட்டையும் வைத்துவிடு.

நகர அளவு மதிப்பெண் மட்டும் கையில் இருந்தால் தனி மனிதர்களைப் பற்றி முடிவு சொல்லாதே. வருமானம் கூடிய நகரத்தில் திருப்தி கூடியிருக்கிறது என்பதால் அங்கே பணக்காரர்தான் திருப்தியாக இருக்கிறார் என்று ஆகாது. அதற்குத் தனிநபர் பதில்கள் வேண்டும். முதலில் உன் துறைத்தலைவர் கையெழுத்தோடு, சர்வே எடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிக் கேள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல 30 நாள் கெடு. பெயர், போன் நம்பர் நீக்கிய பதிவுகள் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடு. தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது கடினமாகும். கேள்வித்தாள், ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை, ஒவ்வொரு பதிலுக்கும் கொடுத்த வெயிட்டேஜ் மூன்றையும் அதே மனுவில் கேள். கேட்கும்போது ஆண்டையும் நகரத்தின் பெயரையும் குறிப்பிட மறக்காதே.