டோக்கனைத் திறந்து பாருங்கள்

ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித்தனியாக லாகின் எழுதிக்கொண்டிருப்பவர்கள் யோசனை கேட்டால், கீக்ளோக்கில் தொடங்கச் சொல்வேன். எல்லா அப்ளிகேஷன்களின் லாகினையும் ஒரே இடத்தில் கவனித்துக்கொள்ளும் அது, ரெட் ஹாட் ஆதரவில் 2014-இல் வெளிவந்த திறமூல மென்பொருள். 2023-இல் சிஎன்சிஎஃப்-இன் இன்குபேஷன் திட்டங்களில் ஒன்றானது. அதே வேலையைச் செய்யும் ஆரி, ஸிட்டாடெல் எல்லாமும் நல்லவைதான். ஆனால் கீக்ளோக்கில் நீங்கள் எங்கே முட்டிக்கொண்டாலும், அங்கே முன்பே முட்டிக்கொண்ட ஒருவர் விடை எழுதி வைத்திருப்பார்.

டாக்கரில் 'ஸ்டார்ட்-டெவ்' கொடுத்தால் உடனே ஓடும். அதை அப்படியே புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த முறையில் ஹெச்டிடிபிஎஸ் கட்டாயமில்லை. தரவும் கூடவே வரும் எச்2 கோப்பில்தான் சேரும். போஸ்ட்கிரெஸ், சான்றிதழ், மாறாத ஹோஸ்ட்நேம் மூன்றையும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பயனர்களையும் அமைப்புகளையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பகுதியைக் கீக்ளோக் ரெல்ம் என்கிறது. 'மாஸ்டர்' ரெல்ம் நிர்வாகத்துக்கு மட்டும். பயனர்களுக்கு வேறு ரெல்ம்.

பழைய குறிப்புகளைப் பின்பற்றும்போது பதிப்பு எண்ணையும் பாருங்கள். 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பு வைல்டுஃப்ளையை விட்டு குவார்கஸுக்கு மாறியபோது, முகவரியில் இருந்த 'ஆத்' என்ற பகுதி போய்விட்டது. 404 வந்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

மண்டை காய வைப்பது இஷ்யூயர், அதாவது லாகின் முடிந்ததும் கீக்ளோக் தரும் டோக்கனில், அதைக் கொடுத்தது யார் என்று சொல்லும் முகவரி. குபர்நெட்டீஸில் பிரவுசர் வெளிமுகவரி வழியாக கீக்ளோக்குக்கு வரும். உள்ளே ஓடும் ஏபிஐ கிளஸ்டரின் உள்முகவரியைப் பிடிக்கும். டோக்கனில் 'ஐஎஸ்எஸ்' என்ற இடத்தில் ஒரு முகவரி, ஏபிஐயின் கான்ஃபிகில் வேறொன்று. கையெழுத்து சரி, காலக்கெடுவும் தாண்டவில்லை, ஆனாலும் 401. இந்த நேரத்தில் லாகை உருட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை. டோக்கனில் புள்ளிகள் பிரிக்கும் மூன்று துண்டுகளில் நடுத்துண்டை பேஸ்64 டிகோட் செய்யுங்கள். யார் கொடுத்தது, யாருக்கு, எதுவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது தபால் அட்டை மாதிரி: யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கையெழுத்து தடுப்பது திருத்துவதை மட்டுமே. ஆகவே ரகசியம் எதையும் அதில் வைக்காதீர்கள். புரொடக்‌ஷன் டோக்கனை ஏதோ ஒரு இணையதளத்தில் ஒட்டிப் பார்ப்பதும் வேண்டாம். தீர்வு எளிது: இஷ்யூயராக எல்லா இடத்திலும் வெளிமுகவரி, சரிபார்க்கும் சாவிகளை மட்டும் உள்முகவரியில் எடுத்துக்கொள்ளலாம்.

அது சரியானதும், டோக்கன் யாருக்கு என்று சொல்லும் 'ஏயூடி' இடிக்கும். உங்கள் ஏபிஐயின் பெயர் அங்கே தானாக வந்து உட்காராது. ஆடியன்ஸ் மேப்பர் சேர்க்க வேண்டும்.

ஆக்சஸ் டோக்கனுக்கு இயல்பாக 5 நிமிட ஆயுள். சோதனை செய்பவர்கள் சலித்துக்கொண்டு அதை ஒரு நாளாக்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். கையெழுத்தை மட்டும் பார்த்து ஏபிஐ அனுமதிக்கும் அமைப்பில், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்கினாலும் அவர் கையிலுள்ள டோக்கன் காலாவதியாகும்வரை செல்லும். ரெஃப்ரெஷ் டோக்கனைக் கையாளக் கற்பதே சரியான வழி.

எல்லா அனுமதியையும் ரோலாக மாற்றித் திணிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. டோக்கன் வீங்கி, ப்ராக்ஸியின் ஹெடர் வரம்பில் போய் மோதும். இந்த இன்வாய்ஸை இவர் திருத்தலாமா என்பது அப்ளிகேஷனோ ஓப்பன்எஃப்ஜிஏ போன்ற அனுமதி சரிபார்க்கும் கருவிகளோ பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அட்மின் திரையில் கிளிக் செய்து பழகலாம். பிறகு எல்லாவற்றையும் டெர்ராஃபார்முக்கு மாற்றி கிட்டில் போட்டுவிடுங்கள். புதிய பதிப்பு முதல்முறை எழும்போது டேட்டாபேஸ் அமைப்பையும் மாற்றிவிடுவதால், பழைய இமேஜைத் திரும்பப் போட்டால் மட்டும் நிலைமை சரியாகாது. ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு டேட்டாபேஸில் மீட்டுப் பார்த்துவிடுங்கள்.