எம்.ஆர்.ஐ.க்கு முன் பாத நாடி

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

கேஷுவாலிட்டி டியூட்டியில் இப்படியொரு நோயாளி என்றைக்கும் வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர், காலைவரை நன்றாக நடமாடியவர். திடீரென இரண்டு கால்களும் துவண்டுவிட்டன. முதுகுத் தண்டு நசுங்கியிருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எம்.ஆர்.ஐ.க்கு எழுதும் முன் போர்வையை விலக்கி அவர் காலைத் தொட்டுப் பாருங்கள். தொடை இடுக்கில் நாடி துடிக்கிறதா? பாதத்தின் மேற்புறத்தில்? கால் வெளுத்துச் சில்லிட்டிருந்தால், மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தையே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்குக் கட்டி பெரும்பாலும் இதயத்திலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. ரத்தம் அறவே நின்றால் சுமார் 6 மணி நேரத்துக்குள் தசையும் நரம்பும் மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும்.

எதிர்த்திசைக் குழப்பமும் உண்டு: நரம்பு நெருக்கத்தைத் தமனி அடைப்பு என்று நினைத்துவிடுவது. நெதர்லாந்தின் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-இல் எழுதிய கட்டுரை, நடந்தால் கால் வலித்து மரத்துப்போகும் சிலருக்கு முதுகெலும்புக் குழல் குறுகி நரம்புகளை நெருக்குவதே காரணம் என்று காட்டியது. நோயாளியிடம் கேட்டாலே பாதி விளங்கிவிடும்: தமனி அடைப்பென்றால் நின்றதும் வலி அடங்கும், நரம்பு நெருக்கமென்றால் உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டியிருக்கும்.

தமனியை அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கும் கருவியின் கதை ஒவ்வொரு ரெசிடென்டும் அறிய வேண்டியது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாமஸ் ஃபோகார்ட்டி, மெல்லிய கதீட்டர் ஒன்றின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டிப் பொருத்தினார். ஒட்டும் பசை சரிப்படவில்லை. மீன் தூண்டிலுக்குப் செயற்கை ஈ கட்டப் பழகிய விரல்களால் நூல் சுற்றி முடிச்சிட்டார். கட்டியைக் கடந்து செலுத்தி, பலூனை ஊதி, மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். இந்தக் கருவி 1961-இல் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. நாடி திரும்பிய பிறகும் காவல் தேவை: கெண்டைக்கால் வீங்கி இறுகினால் தசை உறையைத் திறந்துவிட வேண்டும்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நிற்கலாம்.

முதுகெலும்பு அறுவையிலும் நாடியை மறக்காதீர்கள். குப்புறப் படுக்கவைத்துப் பல மணி நேரம் நடக்கும் அறுவையில், இடுப்புக்கடியில் வைத்த திண்டு சற்று விலகினால் தொடைத் தமனியை அழுத்திவிடும். மயக்கம் தெளிந்ததும் நோயாளி கால் வலிக்கிறது, மரத்திருக்கிறது என்பார். நரம்பைத் தொட்டதால் வந்த வலி என்று விட்டுவிடுவது மிகச் சுலபம். ஆகவே நோயாளியைக் குப்புறத் திருப்பிப் போடுவதற்கு முன்பும், அறுவை முடிந்து திருப்பிய பின்பும் இரு பாத நாடிகளையும் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இங்கே ஒரு கடினமான முடிவும் காத்திருக்கிறது. கால் தமனி அடைத்தால் வழக்கமாக உடனே ஹெப்பாரின் கொடுப்போம். ஆனால் லாமினெக்டமி செய்த புண்ணில் அதனால் ரத்தம் கசிந்து தேங்கினால், விடுவித்த நரம்புகளே மறுபடி நசுங்கும். அந்த நசுங்கலால் சிறுநீர் வராமல் அடைபட்டாலோ ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ அதுவும் அவசர அறுவைக்குரியதே. இந்த முடிவை இரவு டியூட்டியில் தனியாக எடுக்க வேண்டாம். முதுகெலும்பு சர்ஜனையும் ரத்தக்குழாய் சர்ஜனையும் தூக்கத்திலிருந்து எழுப்பி, நோயாளியின் கட்டிலருகே வரவழையுங்கள்.