முற்றத்தில் ஒரு முட்டைப்பொறி

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. தொழிலாளர்க்கென எழுந்த லைன் வீடுகளில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. குழாய்நீர் நாள்தோறும் வராத ஊராதலின், முற்றத்தில் தண்ணீர் டிரம் வைக்காத வீடு அரிது. டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சல்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இத்தகைய தெளிந்த நீரையே நாடுகிறது. அது பகலில் கடிப்பது. வேலைக்குச் செல்வோர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூர் சென்றுவிட, வீட்டில் எஞ்சும் முதியோரும் குழந்தைகளுமே அதனிடம் அகப்படுகின்றனர்.

இக்கொசுவை முட்டையிடும் இடத்திலேயே மடக்குவது முட்டைப்பொறி. 1960களில் அமெரிக்காவில் கொசுக்களைக் கண்காணிப்பதற்கென உருவான இதனை நாமே செய்துகொள்ளலாம். அரை லிட்டர் கொள்ளும் பழைய டப்பாவுக்கு உள்ளும் புறமும் கறுப்பு வண்ணம் பூசுவோம். பாதி உயரத்திற்குச் சற்று மேலே துளையிட்டால் மழைநீர் அதன் வழியே வடிந்துவிடும். துளைக்குக் கீழ்வரை நீரூற்றி, பாதி நனையுமாறு சொரசொரப்பான பருத்தித் துணிப்பட்டையை உட்சுவரை ஒட்டிச் செருகுவோம். வைக்கோல் ஊறிய நீராயின் கொசு இன்னும் விரும்பி வரும். செடி நிழலில், தரையில் வைப்பது நன்று.

பெண்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரத் துணியில் முட்டைகளை ஒட்டவைக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரந்தோறும் ஒரே கிழமையில், நீரை வெயில் படும் உலர்ந்த மண்ணில் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, துணியைக் கொதிநீரில் இட வேண்டும். காயவைத்தால் மட்டும் போதாது. மாதக்கணக்கில் வறட்சியைத் தாங்கும் இம்முட்டைகள் நனைந்ததும் பொரித்துவிடும். திருமணம், திருவிழா என வெளியூர் செல்வோர் பொறியைக் கவிழ்த்துவிட்டே புறப்பட வேண்டும். கவனியாத பொறி கொசுப்பண்ணையே.

ஏடிஸ் தன் முட்டைகளைப் பல கலங்களில் பிரித்து இடும் இயல்புடையது. டிரம் திறந்து கிடந்தால் பொறி பெயரளவிலேயே நிற்கும். பெங்களூரில் பணியாற்றிய ரொனால்டு ராஸ், தம் பங்களாவின் நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்களைக் கண்டு அதைக் கவிழ்த்ததும் கொசு குறைந்ததை 1883இலேயே கவனித்தார். நாம் டிரம்மைக் கவிழ்க்க இயலாது. பழைய வேட்டியை இருமடியாக்கி இறுகக் கட்டலாம். மூட முடியாத தொட்டியிலும் கிணற்றிலும் கப்பி மீன் விடலாம். கோலார் மாவட்டச் சிற்றூர்களில் மலேரியாவைக் கட்டுப்படுத்த இம்மீன் பயன்பட்டுள்ளது.

நீலவிளக்கு மின்பொறிக்குப் பணம் செலவிடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. 1996இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வெளியான ஆய்வில், அத்தகைய பொறிகளில் மடிந்த 13,789 பூச்சிகளுள் கடிப்பவை 31 மட்டுமே.

துணியில் ஒட்டும் கரும்புள்ளிகளை வாரந்தோறும் எண்ணி வருவோம். டிரம்மை மூடிய பின்னும் எண்ணிக்கை குறையாவிடில், அருகில் எங்கோ திறந்த நீர் உள்ளது: கூரைமேல் கிடக்கும் டயர், பிரிட்ஜின் பின்தட்டு, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு முற்றம்.