பதின்பருவத் தூக்கமும் உடல் எடையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் எடை கூடிய மாணவர்களுக்காக 1992 முதல் 2007 வரை ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் நடந்தது. உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடுமே அதில் முதன்மை. இன்றும் பிள்ளை பருமனானால் நம் வீட்டுப் பேச்சு அந்த இரண்டையே சுற்றுகிறது. இரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்று கேட்பவர் குறைவு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் இங்குள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரிடம் கேட்டறிந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளி நாள்களில் அவர்கள் தூங்கியது சராசரியாக ஆறரை மணி நேரம். 13 முதல் 18 வயதுவரை தேவைப்படுவதோ 8 முதல் 10 மணி நேரம்.

நம்பிக்கை: தூங்கித் தூங்கித்தான் உடம்பு போடுகிறது.

உண்மை: அதே ஆய்வில், ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய பிள்ளைகளிடம்தான் எடை கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இத்தகைய கணக்கெடுப்பு எது காரணம், எது விளைவு என்று சொல்லாது. அதற்குச் சோதனை வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் ஆறரை மணி நேரமும் இன்னொரு வாரம் ஒன்பதரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். தூக்கம் குறைந்த வாரத்தில் அதே பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை கூடுதலாக உட்கொண்டார்கள், காய்கனிகளைக் குறைத்தார்கள்.

நம்பிக்கை: கண்விழித்துப் படித்தால் உடம்பு இளைக்கும்.

உண்மை: விழித்திருக்கும் உடல் சற்றுக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது என்பது சரிதான். கொலராடோ பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து இரவுகள் ஐந்து மணி நேரமே தூங்கக் கிடைத்த பெரியவர்களுக்குச் செலவு 5 விழுக்காடு கூடியது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கொறித்தது அதைவிட அதிகம். அந்தச் சில நாள்களிலேயே எடை சுமார் 0.8 கிலோ ஏறியது. தேக்காவில் இரவிலும் பரோட்டாவும் தே தாரிக்கும் கிடைக்கும் ஊரில் விழித்திருக்கும் பிள்ளை எதைத் தேடும் என்பது பெற்றோர் அறிந்ததே.

நம்பிக்கை: வார நாளில் விட்ட தூக்கத்தைச் சனி, ஞாயிறில் பிடித்துவிடலாம்.

உண்மை: பெரியவர்களிடம் கொலராடோவில் நடந்த இன்னொரு ஆய்வு 2019இல் இதைச் சோதித்தது. வார இறுதியில் ஆசைதீரத் தூங்கியவர்களும் மறுபடி தூக்கம் குறைந்ததும் இரவில் கொறித்தார்கள். உடல் இன்சுலினுக்கு இணங்கும் திறனும் குறைந்தது. ஞாயிறன்று நண்பகல்வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் பிந்தும். திங்கட்கிழமை பள்ளி பிந்தாது.

நம்பிக்கை: பத்து மணிக்குத் தூக்கம் வராதது சோம்பேறித்தனம்.

உண்மை: பூப்படையும் பருவத்தில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது; தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் பிந்திச் சுரக்கிறது. கைப்பேசி அதை மேலும் தள்ளுகிறது. நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016இல் தொடக்க நேரத்தைக் காலை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. ஒன்பது மாதம் கழித்தும் மாணவியர் முன்பைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். பகல் சோர்வும் குறைந்தது. காலையில் நேரம் கிடைத்தால் பிள்ளைகள் அதைத் தூக்கத்துக்கே தருகிறார்கள்.

நம்பிக்கை: நன்றாகத் தூங்கினால் எடை தானாகக் குறையும்.

உண்மை: குறையாது. உணவு, விளையாட்டு, குடும்பவாகு எல்லாம் சேர்ந்தே எடையைத் தீர்மானிக்கின்றன. தூக்கம் போதாதபோது மற்ற முயற்சிகள் கடினமாகின்றன என்பதுதான் உண்மை. எடை கூடிய பிள்ளை பலமாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறினாலோ பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் தட்டைப் பார்த்துக் கடிந்துகொள்ளும் முன் அதன் நேர அட்டவணையைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிவரை நீளும் துணைப்பாட வகுப்புகளில் ஒன்றையாவது குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். இரவில் வீட்டார் எல்லாருடைய கைப்பேசியும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். வளரும் பிள்ளைக்குத் தூக்கம் சலுகை அன்று. சோறு போல அதுவும் அன்றாடத் தேவை.