பெட்டி பாடக்கூடாது!
(ஸ்பீக்கர் பெட்டியை நாமே செய்வது பற்றி ஒரு பாடம்)



ஒரு காலத்தில் நம்ம ஊர் டீக்கடைகளில் மண்பானையின் வாய்மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. தியரி எதுவும் படிக்காமலேயே அந்தக் கடைக்காரர் சரியான காரியம்தான் செய்திருக்கிறார்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது, அதே நேரம் பின்னால் காற்றை இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். இவ்வளவு நீளமான அலை எட்டு அங்குல ஸ்பீக்கரைச் சுலபமாகச் சுற்றி வந்துவிடும். முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் பாஸ் எங்கே கேட்கும்? பெட்டி இல்லாத ஸ்பீக்கர் கொசு மாதிரி கத்துவது இதனால்தான். 1925-ல் ரைஸ், கெல்லாக் இருவரும் இன்றைய மூவிங் காயில் ஸ்பீக்கரை அறிமுகப்படுத்திய காலத்திலேயே இந்தப் பிரச்சினை தெரியும். பின் அலையை அடைத்து வைக்க வேண்டும். பானை அதைத்தான் செய்தது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர், முழுக்க மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார்.

இனி என் கதை. முதல் வருடத்தில் நான் கடலூர் ஓ.டி.யில் பழைய பேக்கிங் பலகை வாங்கி ஒரு பெட்டி அடித்தேன். அளவு? கண்ணால் பார்த்ததுதான். மார்கழி மாதம் ரேடியோவில் கச்சேரி போட்டால் மிருதங்கம் எந்தச் சொல் வாசித்தாலும் ஒரே "தொம் தொம்". செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசினார். பக்கத்து வீட்டு ஆசாரி வந்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "தம்பி, இது ஸ்பீக்கர் பொட்டியா, தவுலா?" என்று கேட்டார். தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் வாங்கிய ஊஃபர் அது. எனக்கு அழுகை வராத குறை.

அவர் கேட்டதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் பலாமரம் மிருதங்கத்துக்குப் போகிறது. தஞ்சாவூர் வீணைக்கும் பலாமரம்தான். (2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம்.) வாத்தியத்துக்கு மரம் பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு மரம் வாயே திறக்கக்கூடாது. கோன் மட்டும்தான் பேச வேண்டும். தட்டினால் "டொக்" என்று செத்த சத்தம் வர வேண்டும். ஆகவே நல்ல பலாப் பலகை கிடைத்தால் மிருதங்கம் செய்பவருக்கே விட்டுவிடுங்கள். நமக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும்.

அடுத்து பெட்டி எத்தனை லிட்டர் என்பது. 1961-ல் ஆஸ்திரேலியாவில் தீல் என்பவரும், 1970-களில் ஸ்மால் என்பவரும் இதற்கு ஒழுங்கான கணக்கைக் கொடுத்தார்கள். மூன்று எண்கள் தேவை. கடையில் வாங்கும் சாதா ஊஃபருக்கு டேட்டா ஷீட் வராது. கவலை வேண்டாம், நம்ம லேபிலேயே எடுக்கலாம். சிக்னல் ஜெனரேட்டரோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள். முதலில் ஸ்பீக்கர் இடத்தில் 10 ஓம் வைத்து மில்லிவோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் நம் அளவுகோல். பிறகு ஊஃபரைக் காற்றில் தொங்கவிட்டு அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றுங்கள். வோல்டேஜ் ஓரிடத்தில் எகிறும். அதுவே ஒத்ததிர்வு அதிர்வெண்.

என் ஊஃபர் 40 ஹெர்ட்ஸில் எகிறியது. அங்கே 54 ஓம். மல்டிமீட்டரில் டி.சி. ரெசிஸ்டன்ஸ் 6 ஓம். 54-ஐ 6-ஆல் வகுத்தால் 9, அதன் வர்க்கமூலம் 3. இந்த 3-ஐ 6-ஆல் பெருக்கினால் 18. இனி இம்பீடன்ஸ் 18 ஓமாக இருக்கும் இரண்டு இடங்களைத் தேடுங்கள். எனக்கு 26.7, 60 ஹெர்ட்ஸ். (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 40 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.) 40-ஐ 3-ஆல் பெருக்கி, இடைவெளி 33.3-ஆல் வகுத்தால் 3.6. அதை 9-ஆல் வகுத்தால் 0.4. இதுதான் மொத்த 'க்யூ'.

அதே ஊஃபரை 20 லிட்டர் அளவுள்ள மூடிய பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். ஒத்ததிர்வு 75-க்கு ஏறியது. 75-ஐ 40-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1 கழித்து, 20-ஆல் பெருக்கினால் சுமார் 50 லிட்டர். இது ஊஃபரின் சஸ்பென்ஷனுக்குச் சமமான காற்று.

மூடிய பெட்டியில் 'க்யூ' 0.707 வந்தால் பாஸ் மேடு கட்டாமல் சீராக இறங்கும். 0.707-ஐ 0.4-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.12. ஒன்று கழித்தால் 2.12. 50-ஐ இதனால் வகுத்தால் 23.5 லிட்டர். ஊஃபரின் உடம்புக்கு ஒரு லிட்டர் சேர்த்து உள்ளளவு 24 × 30 × 34 செ.மீ. வைத்தேன். மூன்று பக்கமும் ஒரே அளவாகப் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரே சுருதியில் ரீங்காரம் கூடும். போர்ட் துளை வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்கும்தான். ஆனால் கணக்கு பிசகினால் பழையபடி தவில்தான். முதல் பெட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

மர வேலையை ஆசாரியிடமே கற்றுக்கொண்டேன். ஒரு முழு ஷீட்டில் இரண்டு பெட்டி போக மிச்சம் வரும். கடற்காற்று அடிக்கிற ஊரில் பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் ஊதிப்போகும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை விலை கூடுதல், ஆனால் நிற்கும். மூட்டில் பெவிகால் தடவி, பித்தளை ஸ்க்ரூ போடுங்கள். இரும்பு ஸ்க்ரூ இங்கே துருப்பிடித்து மைக்காவுக்குள்ளிருந்து கறை விடும். உள்மூலைகளில் மரத்தூளும் பெவிகாலும் குழைத்துப் பூசுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு கட்டையை இறுக்கிக் கொடுத்தால் பலகை அதிர்வது பெருமளவு அடங்கும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைக்கலாம், திணிக்கக்கூடாது.

காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி. கீழ் ஸ்தாயியில் ஒரு டோன் போட்டுவிட்டு (செல்போனிலேயே ஆப் இருக்கிறது) ஊதுபத்தியை மூட்டு ஓரமாகக் கொண்டு போங்கள். புகை நடுங்கும் இடம்தான் ஓட்டை.

மேல் பூச்சுக்கு 80, 120, 220 என்று உப்புத்தாளை வரிசையாக மாற்றி, நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஓரங்களுக்குப் பட்டி. அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் வெளுத்துப்போகும். நம் ஊருக்கு வார்னிஷ் மேல். வெளியே மட்டும் அடித்து உள்ளே பச்சையாக விட்டால் ஈரம் உள்பக்கமாக ஏறிப் பலகை வளையும். உள்ளேயும் ஒரு கோட் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், காயாது.

காய்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் நான் இரண்டாம் நாளே ஊஃபரை மாட்டினேன். ஒரு வாரம் கழித்து வயரை மாற்றக் கழற்றினால், பிரேம் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். வழுக்கி நேராகக் கோனில் இறங்கியது. அந்த ஓட்டையை டிஷ்யூ பேப்பரும் பெவிகாலும் வைத்து ஒட்டியிருக்கிறேன். பாட்டு நன்றாகத்தான் வருகிறது. கிரில் துணி போட்டதால் வெளியே தெரியாது.